கைகால் மரத்துப்போவதற்குச் சர்க்கரை மட்டும்தான் காரணமா?

வாசகர் கடிதம்: எனக்கு வயது 44. காலணிகளும் கைப்பைகளும் தயாரிக்கும் தொழிற்சாலையில், பசை ஒட்டும் பிரிவில், ஒன்பது ஆண்டுகளாக ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பசையையும் அதில் கலக்கும் சொல்யூஷனையும் மாற்றினார்கள், வாசனையே வேறாகிவிட்டது. சென்ற ஆண்டிலிருந்து என் பாதங்கள் மரத்துப்போகின்றன. ஒரு நாள் வீட்டு வாசலில்தான் ஒற்றைச் செருப்போடு நடந்து வந்திருப்பதைக் கவனித்தேன். மற்றது எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. இப்போது சட்டைப் பொத்தான் போடவும் மனைவியின் உதவி வேண்டியிருக்கிறது. என் மேசையில் வேலை செய்யும் இன்னும் இருவருக்கும் இதே தொல்லை. எனக்கு நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. நிறுவனத்தின் மருத்துவர் எல்லாவற்றுக்கும் சர்க்கரைதான் காரணம் என்கிறார். இரண்டு மாதச் சம்பளம் தருவதாகவும், என் உடல்நிலைக்கும் வேலைக்கும் தொடர்பில்லை, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிய தாளில் கையெழுத்திட்டு நின்றுகொள்ளும்படியும் சொல்கிறார்கள். கையெழுத்திடலாமா? வழக்குத் தொடர முடியுமா? யார் மீது? அதுவரை வேலைக்குப் போகலாமா? நிறுவனத்துக்கு எழுதுவதென்றால் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா?

வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

அந்தத் தாளில் கையெழுத்திட வேண்டாம். மற்ற கேள்விகளுக்கெல்லாம் நிதானமாகப் பதில் சொல்ல முடியும். இதற்கு மட்டும் இன்றே பதில் தேவை என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன்.

சட்டம் தரும் இழப்பீட்டு உரிமையைத் தொழிலாளி முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட முடியாது என்பதைப் பல நாடுகளின் இழப்பீட்டுச் சட்டங்கள் வெளிப்படையாகவே சொல்கின்றன. 2025 நவம்பரில் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை இந்தியாவில் இருந்த 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அப்படிப்பட்ட ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்றது. அந்தத் துணிச்சலில், செல்லாத தாள்தானே, கையெழுத்திட்டுப் பணத்தை வாங்கிக்கொள்வோம் என்று சிலர் நினைப்பதைப் பார்த்திருக்கிறேன். உரிமையை விட்டுக்கொடுக்கும் வாசகம் செல்லாமல் போகலாம். ஆனால் உடல்நிலைக்கும் வேலைக்கும் தொடர்பில்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்த வாசகம் ஒப்புதல் வாக்குமூலமாக எதிர்த்தரப்பின் கோப்பில் உட்கார்ந்திருக்கும், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியாக வந்து நிற்கும். வரவேண்டிய சம்பளப் பாக்கி ஏதேனும் இருந்தால் அதை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ரசீதில் எந்த மாதச் சம்பளம் என்பதைத் தவிர வேறு ஒரு வரியும் இருக்கக் கூடாது. மற்ற இருவரில் யாராவது ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தால், எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர் ஒதுங்கிவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

எந்த நாட்டில் வேலை செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எனவே பெரும்பாலான நாடுகளின் சட்டங்களுக்குப் பொதுவாக உள்ள அமைப்பைச் சொல்லி, தேவையான இடத்தில் ஓரிரு நாடுகளின் சட்டத்தை எடுத்துக்காட்டாகத் தருகிறேன். காலக்கெடுவையும் மனுவின் வடிவத்தையும் உங்கள் ஊரில் தொழிலாளர் வழக்குகள் நடத்தும் ஒருவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, ஒன்றைத் தவிர: அந்தச் சொல்யூஷனின் பெயர். நச்சுப்பொருள் வழக்குகளில் முதலில் கேட்கப்படும் கேள்வி, எந்தப் பொருள் என்பதுதான். பொருளின் பெயர் தெரியாதவரை மருத்துவரால் சரியான சோதனையை எழுதித்தர முடியாது, ஆய்வாளரால் எதை அளப்பது என்று முடிவு செய்ய முடியாது, நீதிமன்றத்தாலும் எந்த நோய்ப்பட்டியலில் தேடுவது என்று பார்க்க முடியாது. "சொல்யூஷன்", "தின்னர்", "ஸ்பிரிட்" என்பவை வேலைக்களத்தில் புழங்கும் பெயர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் பத்து வேறு கலவைகள் இருக்க முடியும்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளையும், பசை என்ற சொல்லையும், மூவருக்கும் ஒரே தொல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு வரும் முதல் சந்தேகம் என்-ஹெக்ஸேன் என்ற கரைப்பான். இது சந்தேகம் மட்டுமே. உறுதி செய்ய வேண்டியவர்கள் மருத்துவர்களும் ஆய்வகமும். ஆனால் ஆதாரமில்லாத சந்தேகம் அல்ல. 1960களில் ஜப்பானில் செருப்புக்குப் பசை தடவிய தொழிலாளர்களுக்கும், இத்தாலியின் காலணித் தொழிலாளர்களுக்கும் இந்தக் கரைப்பான்தான் கைகால் நரம்புகளைக் கெடுத்தது. 1999, 2000 ஆண்டுகளில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வாகனப் பழுதுபார்க்கும் தொழிலாளர்களிடம் இதே நரம்புநோய் கண்டறியப்பட்டது. பிரேக் பாகங்களைத் துடைக்க அவர்கள் பயன்படுத்திய தெளிப்பானில் ஹெக்ஸேனும் அசிட்டோனும் கலந்திருந்தன. உடலுக்குள் போன ஹெக்ஸேன் 2,5-ஹெக்ஸேன்டையோன் என்ற பொருளாக மாறுகிறது; அது நரம்பிழைகளைத் தாக்குகிறது. மிக நீளமான நரம்புகள் முதலில் கெடும் என்பதால் பாதத்தில் தொடங்கி, பிறகு கைவிரலுக்கு வரும். உங்கள் ஒற்றைச் செருப்பும் சட்டைப் பொத்தானும் வந்த வரிசை அதுதான். அசிட்டோனோ எம்இகே என்ற மெத்தில் எத்தில் கீட்டோனோ உடன் கலந்திருந்தால் ஹெக்ஸேனின் நச்சு இன்னும் கூடும். எனவே ஒரு பொருளின் பெயர் போதாது, கலவை முழுவதும் தேவை.

இதை எப்படித் தெரிந்துகொள்வது? வேதிப்பொருளை விற்பவர் அதனுடன் பாதுகாப்புத் தரவுத் தாள் ஒன்றைத் தர வேண்டும். தொழிற்சாலைகளில் இதை எம்எஸ்டிஎஸ் என்பார்கள். ஐக்கிய நாடுகள் அவையின் உலகளாவிய வகைப்பாட்டு முறையைப் பின்பற்றும் நாடுகளில் அதற்கு 16 பகுதிகள் உண்டு. மூன்றாம் பகுதியில் உள்ளடக்கம் இருக்கும். எட்டாம் பகுதியில் காற்றில் எவ்வளவு இருக்கலாம், என்ன முகமூடி, என்ன கையுறை என்பது இருக்கும். பதினொன்றாம் பகுதியில் உடலுக்கு என்ன செய்யும் என்பது இருக்கும். மூன்றாம் பகுதியில் 110-54-3 என்ற எண் இருந்தால் அது என்-ஹெக்ஸேன். பெயரை எப்படி மாற்றி எழுதினாலும் இந்தப் பதிவெண் மாறாது. தாள் கிடைக்காவிட்டால் டிரம்மைப் பாருங்கள். லேபிள் கிழிந்திருந்தாலும் விற்பனையாளர் பெயர், தொகுதி எண், சிவப்புச் சாய்சதுரத்துக்குள் இருக்கும் படங்கள் ஆகியவற்றில் ஏதாவது மிஞ்சியிருக்கும். மார்பில் நட்சத்திரம்போல் வெடிப்புள்ள மனித உருவம் இருந்தால், அது நாள்பட உடலுறுப்புகளைக் கெடுக்கும் வகைப் பொருள் என்று அர்த்தம். கண்ணில் பட்டதையெல்லாம் அன்றிரவே தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: சொல்யூஷனைச் சிறு புட்டியில் ஊற்றி வெளியே கொண்டுவராதீர்கள். திருட்டு என்று குற்றம்சாட்டி வெளியேற்ற அதுவே வழியாகிவிடும். எப்படி எடுத்தது, யார் கையில் இருந்தது என்று காட்ட முடியாத மாதிரிக்கு நீதிமன்றத்தில் மதிப்பும் குறைவு. கைபேசிக்குத் தடையுள்ள இடமென்றால் படம் எடுப்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

தாளைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1990ஆம் ஆண்டு வேதிப்பொருள் உடன்படிக்கையின் 18ஆம் பிரிவு, தாம் கையாளும் பொருளின் அடையாளத்தையும் அபாயத்தையும் அறியும் உரிமை தொழிலாளர்களுக்கு உண்டு என்கிறது. அந்த உடன்படிக்கையை ஏற்காத நாடுகள் பலவற்றின் உள்நாட்டுச் சட்டத்திலும் இதே உரிமை இருக்கிறது. கலவையின் விகிதம் வணிக இரகசியம் என்று நிறுவனம் சொல்லலாம். விகிதத்தை மறைக்க வழியிருக்கலாம், ஆனால் அபாயத்தை மறைக்க வழியில்லை.

அடுத்தது மருத்துவம். இங்கே நாட்கணக்கு முக்கியம். ஹெக்ஸேன்டையோனைச் சிறுநீரில் அளக்கலாம், ஆனால் வெளிப்பாடு, அதாவது அந்தப் பொருள் உங்கள் மேல் படுவதும் மூச்சில் போவதும், நின்றால் சில நாட்களிலேயே அது மறைந்துவிடும். எனவே வார விடுமுறைக்கு முந்தைய நாள், ஷிப்டு முடிந்த கையோடு எடுக்கும் மாதிரிதான் பயன்படும். ஒரு மாதம் ஓய்வெடுத்துவிட்டுப் போய்ச் சோதித்தால் ஒன்றும் இல்லை என்றுதான் வரும், அந்த அறிக்கையே உங்களுக்கு எதிராகத் திரும்பும். நரம்பில் மின்துடிப்பு எப்படிப் பாய்கிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனைக்கு இந்த அவசரம் இல்லை, நரம்பில் ஏற்பட்ட சேதம் மாதக்கணக்கில் தெரியும். நிறுவனம் சம்பளம் தரும் மருத்துவரிடம் அல்லாமல் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம், முடிந்தால் தொழில்சார் மருத்துவத்தில் பயிற்சி பெற்றவரிடம் போங்கள். போகும்போது தரவுத் தாளையும், தினம் எத்தனை மணி நேரம், சன்னல் எத்தனை, டப்பா மூடப்படுமா திறந்தே இருக்குமா, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுமா, கையால் தடவுகிறீர்களா தூரிகையாலா என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நோயாளியிடம் என்ன தொழில் செய்கிறாய் என்றும் கேட்க வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் ரமாஸினி 1700ஆம் ஆண்டிலேயே மருத்துவர்களுக்குச் சொன்னார்; இன்றும் பல புறநோயாளிச் சீட்டுகளில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. உங்கள் சீட்டில் வேலையின் விவரமும், மருத்துவர் சொன்ன காரணமும், அதைச் சொன்ன தேதியும் எழுத்தில் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். தேதி ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முகமூடி பற்றியும் ஒரு வார்த்தை. துணி முகமூடியும் தூசி முகமூடியும் கரைப்பானின் ஆவியைத் தடுப்பதில்லை. கழற்றிய பிறகும் முகமூடியில் பசை வாசனை அடிக்கிறதென்றால், அதன் வழியாகத்தான் மூச்சு வாங்கியிருக்கிறீர்கள். முகமூடி கொடுத்தோம், தொழிலாளிதான் அணியவில்லை என்பது இப்படிப்பட்ட வழக்குகளில் வழக்கமாக வரும் பதில். எந்த வகை முகமூடி கொடுத்தீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் அந்தப் பதில் நின்றுவிடும். கொடுத்த முகமூடியின் உறை ஒன்றைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இனி சர்க்கரை. நிறுவனத்தின் முழு எதிர்வாதமும் அதில்தான் நிற்கப்போகிறது. சர்க்கரை நோயும் பாதத்தில் தொடங்கி நரம்பைக் கெடுக்கும் என்பது உண்மைதான். அதனால் நிறுவன மருத்துவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பாதியைத்தான் பார்த்திருக்கிறார் என்கிறேன். உங்களுக்குச் சாதகமான மூன்று செய்திகள் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன: நோய் சர்க்கரையோடு தொடங்காமல் கரைப்பான் மாறிய பின் தொடங்கியிருக்கிறது, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அதே மேசையில் இன்னும் இருவருக்கு இதே தொல்லை. அந்த இருவருக்கும் சர்க்கரை இல்லையென்றால் நிறுவனத்தின் வாதம் பெரிதும் ஆட்டம் காணும். மூவரும் ஒரே மருத்துவரிடம், ஒரே வாரத்தில் சோதித்துக்கொள்வது நல்லது. கடந்த ஆண்டுகளின் சர்க்கரைச் சோதனைச் சீட்டுகளை மறைக்காமல் முழுவதும் கொடுங்கள். மறைத்தது தெரிந்தால், மறைத்தது மட்டும்தான் வழக்கில் பேசப்படும்.

சட்டத்திலும் ஒரே காரணம்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 1956இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த வார்ட்லா வழக்கு இதற்கு மிகப் பொருத்தமானது. எஃகு வார்ப்படங்களைச் சீர்செய்யும் கூடத்தில் வேலை செய்தவருக்கு மணல்தூசியால் நுரையீரல் நோய் வந்தது. தூசி இரண்டு இடங்களிலிருந்து வந்தது: ஒன்று காற்றழுத்தச் சுத்தியல், அந்தத் தூசியைத் தடுக்க அன்றைக்கு வழியே இல்லாததால் முதலாளியின் குற்றமில்லை, மற்றொன்று சாணைக்கல் இயந்திரம், அதன் தூசியை இழுக்கும் குழாயைப் பராமரிக்காதது முதலாளியின் குற்றம். குற்றமுள்ள தூசிதான் நோயைத் தந்தது என்று தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டியதில்லை, நோய்க்கு அது குறிப்பிடத்தக்க அளவு பங்களித்தது என்று காட்டினால் போதும் என்றது தீர்ப்பு. பிரிட்டிஷ் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளின் வழக்கறிஞர்கள் இந்தத் தீர்ப்பை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். உங்கள் சர்க்கரையை அந்தச் சுத்தியலின் இடத்திலும் சொல்யூஷனைச் சாணைக்கல்லின் இடத்திலும் வைத்துப் பாருங்கள். எங்கள் கூடத்துக் காற்றை அளந்தோம், சட்ட வரம்புக்குள்தான் இருக்கிறது என்று நிறுவனம் சொன்னால், எந்த வரம்பு என்று கேளுங்கள். என்-ஹெக்ஸேனுக்கு அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்ட வரம்பு பத்து லட்சம் பங்கு காற்றில் 500 பங்கு. அதே நாட்டின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் பரிந்துரைப்பது 50. ஐரோப்பிய ஒன்றியத்தின் வழிகாட்டு வரம்பு 20. ஒரே காற்றை ஓரிடத்தில் பாதுகாப்பானது என்றும் மற்றோரிடத்தில் இருபத்தைந்து மடங்கு மீறல் என்றும் சொல்ல முடிகிறதென்றால், வரம்புக்குள் இருந்தது என்பது மட்டும் எப்படி முழு விடையாகும்?

வழக்கு யார் மீது என்ற கேள்விக்கு வருகிறேன். பெரும்பாலான நாடுகளில் இரண்டு தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன. முதலாவது, யார் தவறு என்று பார்க்காமல் இழப்பீடு தரும் முறை. விபத்துக்காக 1884இல் ஜெர்மனியிலும் 1897இல் பிரிட்டனிலும் தொடங்கிய இந்த முறையில் தொழில்சார் நோய்கள் பிறகுதான் சேர்ந்தன. பிரிட்டனின் 1906ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு நோய்களை மட்டும் சேர்த்தது, அவற்றில் ஒன்று ஈய நச்சு. இன்று அந்தப் பட்டியல்கள் நீளமானவை. பட்டியலில் உள்ள நோய், பட்டியலில் உள்ள வேலை, குறிப்பிட்ட கால அளவு ஆகிய மூன்றும் பொருந்தினால் வேலையால்தான் நோய் வந்தது என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் சுமை பெரும்பாலும் முதலாளிக்குப் போய்விடும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய பட்டியலில் ஹெக்ஸேனால் வரும் நோய்கள் இடம்பெற்றிருக்கின்றன. பிரிட்டனின் பட்டியலிலும் ஹெக்ஸேனால் வரும் நரம்புநோய் உண்டு. உங்கள் நாட்டுப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் கதவு மூடிவிட்டது என்று பொருளல்ல, அனுமானத்தின் உதவி இல்லாமல் நீங்களே மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். இந்தப் பாதையில் தொகைக்கு உச்சவரம்பு உண்டு, வலிக்கும் வேதனைக்கும் பெரும்பாலும் எதுவும் கிடையாது. ஆனால் ஒப்பீட்டளவில் விரைவானது.

இரண்டாவது, கவனக்குறைவுக்காக உரிமையியல் நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்பது. தொகை கூடுதலாகக் கிடைக்கலாம், ஆனால் முதலாளிக்கு அபாயம் தெரிந்திருந்தது அல்லது தெரிந்திருக்க வேண்டும் என்பதை நீங்கள் மெய்ப்பிக்க வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பல நாடுகளில் ஒரு பாதையில் போனால் மற்றது அடைபடும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் முதலாளியைப் பொறுத்தவரை இழப்பீட்டுமுறை மட்டுமே வழி. இந்தியாவில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில், அதாவது இஎஸ்ஐயில், சேர்க்கப்பட்டவர் அதே பாதிப்புக்கு முதலாளியிடம் வேறு சட்டத்தின்கீழ் இழப்பீடு கேட்பதை, 2025 நவம்பர்வரை இருந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 53ஆம் பிரிவு தடுத்தது. எனவே எந்த மனுவிலும் கையெழுத்திடுமுன், இதனால் எந்தக் கதவு மூடும் என்று உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள். அவரே சொல்வார் என்று காத்திருக்காதீர்கள். முதலாளியின் கதவு மூடியிருந்தாலும் பசையையும் சொல்யூஷனையும் தயாரித்தவர் மீதான கதவு பல இடங்களில் திறந்தே இருக்கும். எச்சரிக்கை தராமல் விற்ற உற்பத்தியாளர், இடையில் முதலாளி இருந்தாலும், பொருளைக் கையில் எடுக்கும் கடைசித் தொழிலாளிக்கும் பொறுப்பாளி என்று 1973இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் காப்புப் பணியாளர் ஒருவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. டிரம்மில் இருந்த விற்பனையாளர் பெயரை எழுதி வைக்கச் சொன்னதன் இன்னொரு காரணம் இது.

ஒப்பந்தக்காரரா நிறுவனமா என்று நீங்கள் குழம்ப வேண்டாம், இருவரையும் எதிர்த்தரப்பில் சேர்ப்பதே வழக்கம். இந்தியாவின் 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, ஒப்பந்தக்காரரின் தொழிலாளிக்கும் முதன்மை முதலாளி, அதாவது வேலையைச் செய்விக்கும் நிறுவனம், இழப்பீடு தர வேண்டியிருந்தது. கொடுத்ததை ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்வது அவர்களுக்குள் தீர்க்க வேண்டிய கணக்கு. இதே அமைப்புதான் அதன் இடத்துக்கு வந்த 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் பெரும்பாலும் தொடர்கிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு உண்மையில் வரும் சிக்கல் வேறு: ஒன்பது ஆண்டுகள் அந்தக் கூடத்தில்தான் இருந்தீர்கள் என்பதற்கு நிறுவனத்தின் பதிவேட்டில் உங்கள் பெயரே இருக்காது. நுழைவு அட்டை, வங்கிக் கணக்கில் சம்பளம் வந்த பதிவு, காப்பீட்டு எண், ஷிப்டு பட்டியல், பண்டிகை நாளில் கூடத்தில் எடுத்த குழுப்படம் என எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். கடந்த கால மருத்துவப் பரிசோதனை, காற்று அளவீட்டுப் பதிவுகள் ஆகியவற்றின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் 1995ஆம் ஆண்டு தீர்ப்பளித்த இந்திய உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் ஆரோக்கியத்தை வாழ்வுரிமையின் பகுதியாகவே பார்த்தது. மருத்துவப் பதிவுகளை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கும்படி அந்தத் தொழிற்சாலைகளுக்கு ஆணையிட்டது. அமெரிக்காவில் வெளிப்பாட்டுப் பதிவுகளைக் குறைந்தது 30 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். தொழிலாளி கேட்டால் காட்ட வேண்டும்.

தேதி பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். கால வரம்பு எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்பதுதான் நோய் வழக்குகளின் பழைய தலைவலி. 1963இல் பிரிட்டனில் கார்ட்லெட்ஜ் வழக்கில், நுரையீரல் சேதம் தொடங்கியது தொழிலாளிகளுக்கே தெரியாத காலத்தில் வரம்பு ஓடி முடிந்துவிட்டது என்று தள்ளுபடி செய்ய நேர்ந்தபோது, அந்த நீதிபதிகளே சட்டத்தின் அநீதியைச் சுட்டினார்கள். அதே ஆண்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. இப்போது அங்கே, நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த நாளிலிருந்து மூன்றாண்டுகள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1949இலேயே, ரயில் எஞ்சினில் தீ எரிக்கும் வேலை செய்து மணல்தூசி நோய் வந்தவரின் வழக்கில் இதே பார்வையை ஏற்றது. இந்தியாவின் 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் வரம்பு இரண்டு ஆண்டுகளாக இருந்தது. நோயைப் பொறுத்தவரை, அதனால் தொடர்ச்சியாக வேலைக்கு வர முடியாமல்போன முதல் நாள்தான் விபத்து நடந்த நாளாகக் கொள்ளப்பட்டது. எனவே உங்கள் மருத்துவர் காரணத்தைச் சொன்ன நாளும், நோயால் நீங்கள் முதலில் விடுப்பு எடுத்த நாளும் ஆவணத்தில் இருக்க வேண்டும். புகார் செய்ததற்காக நிறுவனம் உங்களைப் பழிவாங்கினால், அதற்கு எதிரான புகாருக்கு வரம்பு இன்னும் குறுகியது; அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ் 30 நாட்கள்தான்.

வேலைக்குப் போகலாமா என்பதுதான் மிகக் கடினமான கேள்வி. வழக்கறிஞராகவும் மனிதனாகவும் எனக்கு இங்கே இரண்டு பதில்கள் இருக்கின்றன. ஹெக்ஸேனால் வந்த நரம்புநோய், வெளிப்பாடு நின்ற பிறகும் இரண்டு மூன்று மாதங்கள் கூடிக்கொண்டே போய், பிறகுதான் மெல்லக் குறையத் தொடங்கும். நின்ற நாளை எவ்வளவு தள்ளிப்போடுகிறீர்களோ அவ்வளவு திரும்பாமல் போகலாம். எனவே அந்த மேசையை விட்டு நீங்கள் நகர வேண்டும், ஆனால் வேலையை விட்டு நகரக் கூடாது. ஷிப்டு முடிவுச் சோதனையை இந்த வாரமே முடித்துவிட்டு, கரைப்பான் இல்லாத பிரிவுக்கு மாற்றச் சொல்லும் மருத்துவச் சான்றைப் பெற்று, அதனுடன் மாற்றம் கேட்டு எழுதுங்கள். மறுத்தால் மருத்துவ விடுப்பு எடுங்கள். ராஜினாமா எழுதாதீர்கள், அதிலும் "சொந்தக் காரணங்களால்" என்ற இரண்டு சொற்களை எழுதவே எழுதாதீர்கள். உடனடியான, கடுமையான ஆபத்து என்று நியாயமாக நம்பும்போது வேலையிலிருந்து விலகி நிற்கும் உரிமையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு தருகிறது. 2022இல் அந்த உடன்படிக்கை அடிப்படை உடன்படிக்கைகளில் ஒன்றாகவும் சேர்ந்தது. ஆனால் மெல்லக் கொல்லும் நச்சு "உடனடி" ஆபத்தா என்று வாதாடுவார்கள், அதனால் உங்கள் நிலையில் அந்த உரிமையை மட்டும் நம்பி நிற்க வேண்டாம் என்பேன்.

தொழிற்சாலை ஆய்வாளரிடம் புகார் செய்யுங்கள், முடிந்தால் மூவரும் சேர்ந்து. புகார் கொடுத்தவரின் அடையாளத்தை ஆய்வாளர் முற்றிலும் இரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது 1947ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஆய்வு உடன்படிக்கையின் விதி. நடைமுறையில், பசைப் பிரிவில் புகார் என்றால் யார் என்று ஊகிப்பது நிர்வாகத்துக்கு எளிது என்பதையும் மறைக்க மாட்டேன். ஆய்வு நாளில் எல்லா டப்பாவும் மூடியிருக்கும், நின்றுபோன மின்விசிறியும் சுற்றும். எனவே காற்றைக் கூடத்தின் நடுவில் ஒரு நிமிடம் அளந்துவிட்டுப் போகாமல், வேலை செய்பவரின் சட்டைக் கழுத்தில் கருவியை மாட்டி முழு ஷிப்டும் அளக்க வேண்டும் என்று புகாரிலேயே கேளுங்கள். அளவீடு எப்படி வந்தாலும், ஆய்வாளர் வந்தார், இன்ன பொருள் இருந்தது என்ற அறிக்கை உங்கள் வழக்கில் அரசு ஆவணமாக நிற்கும்.

ஆங்கிலத்தில் எழுத வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரிந்த மொழியில், நீங்களே படித்து விளக்கக்கூடிய சொற்களில் எழுதுங்கள். இன்ன தேதியிலிருந்து இன்ன பிரிவில் வேலை, இன்ன மாதம் பசை மாறியது, இன்ன மாதத்திலிருந்து இன்ன தொல்லை, அந்தப் பொருளின் தரவுத் தாளும் என் மருத்துவப் பதிவுகளும் வேண்டும், வேறு பிரிவுக்கு மாற்றம் வேண்டும் என்ற ஐந்து செய்திகள் போதும். கோபத்தையும் குற்றச்சாட்டையும் அதில் எழுத வேண்டாம். இரண்டு படிகள் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகத் தேதியுடன் கையொப்பம் வாங்குங்கள்; வாங்க மறுத்தால் நிறுவனத்துக்கும் ஒப்பந்தக்காரருக்கும் தனித்தனியாகப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வீட்டில் வையுங்கள், தொழிற்சாலைப் பெட்டியில் அல்ல.